தேர் வடத்துக்கு வந்த புல்லி

வேனுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன். மூக்குக்கு ஒரு சாண் மேலே எஞ்சின். இரண்டு கையிலும் முந்தின நாள் வைத்த மருதாணி, விரல் நுனிகளுக்குத் தொப்பி போட்ட மாதிரி செக்கச்செவேலென்று இருக்கிறது. அந்தக் கையால் சுத்தியலைப் பிடித்து, நடுவில் ஒரு மரத்துண்டைக் கொடுத்து, கிராங்க் புல்லி என்கிற இரும்புச் சக்கரத்தை ஓரம் ஓரமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். டங். டங். டங். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணில் கொஞ்சம் மண் விழுகிறது. புல்லி மட்டும் விழவில்லை.

வெளியே எனக்குத் தெரிவது கால்கள்தான். ஜவ்வாது மலையில் அந்த ஊருக்கு எத்தனை கால் உண்டோ அத்தனையும் வேனைச் சுற்றி நின்றன. தண்டை போட்ட கால், சாணி மிதித்த கால், ஓர் ஆட்டுக்குட்டியின் நாலு கால். நடுவில் பளபளவென்று புதுச் செருப்போடு ஒரு ஜோடி. அது என் அண்ணன் தனபால். நாளை மறுநாள் காலை அவனுக்குக் கல்யாணம். முகூர்த்தத்தன்று செருப்பு கடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே போட்டுப் பழகிக்கொண்டிருந்தான்.

"அமுதா, வருதா?"

"வரல."

"இப்போ?"

"வரலண்ணா."

"இப்பவாச்சும்?"

"நீ கேக்கறத நிறுத்து. அது வெக்கப்படுது."

கால்களுக்கு மேலே எங்கோ சிரிப்பு கிளம்பியது. அதில் ஒரு பெண் குரல் மட்டும் தனியாக ஏறி வந்தது. "மாப்ளைக்கு இன்னா அவசரம்? இன்னிக்கு ராத்திரி காப்புக் கட்டு. தங்கிட்டாருன்னா திருவிழா முடியற வரிக்கும் எங்கூட்டுக் கேழ்வரகுக் களிதான்."

புதுச் செருப்பு இரண்டும் தரையில் ஒரு குதி குதித்தன.

வெற்றிலை வைக்கப் போன கதை

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் வேனைத் தெரியும். தெரியாதவர்களுக்கு: போளூர்ப் பக்கம் எங்கள் ஊர். அண்ணனுக்குப் புளி வியாபாரம். மலையில் கொள்முதல் செய்து கீழே மண்டிக்குக் கொண்டுவருவான். அதற்காக வாங்கியதுதான் அந்தச் சின்ன வேன். அப்போது அந்த மாதிரி வண்டி ரோட்டில் புதுசு. மூக்கே இல்லாமல், முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும். தெருவில் அதற்கு ரொட்டி டப்பா என்று பேர். எஞ்சின் எங்கே என்று தேடி ஒரு லாரி டிரைவர் முன்னாலும் பின்னாலும் நடந்து களைத்துப் போனார். முன் சீட்டைத் தூக்கிக் காட்டினதும், "சமையக்கட்டு மேலயே குந்திக்கினு ஓட்றீங்களா?" என்றார்.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல். வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். லீவில் வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டு அலாரம் கடிகாரம் என்னைக் கண்டால் தானாக நின்றுவிடும் என்று அம்மா சொல்வாள். வேன் வந்த நாளிலிருந்து கடிகாரத்துக்கு நிம்மதி.

அந்த வருஷம் வைகாசியில் கல்யாணம். கீழே பத்திரிகை எல்லாம் கொடுத்தாகிவிட்டது. மலைக்குத்தான் பாக்கி. மலை ஊர்க்காரர்களுக்குப் பத்திரிகை ஒரு பொருட்டில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் கூப்பிட்டதாகவே கணக்கில்லை. அண்ணன் வியாபாரம் ஓடுவதே அந்த ஊர்க் கவுண்டரை வைத்துத்தான். போகாமல் முடியுமா?

"போன காலோட திரும்பிடணும். நாளைக்குப் பொண்ணழைப்பு," என்றாள் அம்மா. மாப்பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாது என்று துணைக்கு என்னையும் ஏற்றினாள். நான் ஏற்கெனவே முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

ஊர்க் கவுண்டர் பேர் சடையக் கவுண்டர். பெரிய மீசை, சின்னக் குரல். அண்ணன் தட்டை நீட்டினதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெற்றிலையைப் போட்டு, நன்றாக மென்று, பக்கத்தில் துப்பிவிட்டு வந்து சாவகாசமாகச் சொன்னார்.

"ரொம்ப சந்தோசமுங்க. ஆனா வர முடியாதுங்களே."

"ஏங்க?"

"இன்னிக்குப் பொழுதோட காப்புக் கட்டுதுங்க. கட்டிட்டா ஊர்ல இருக்கிறவங்க யாரும் எல்லை தாண்டக் கூடாது. திருவிழா முடிஞ்சாத்தான்."

"அப்ப ஏன் வெத்தில வாங்கினீங்க?"

"அது மரியாதைங்களே. கூப்புட வந்தவங்களத் திருப்பி அனுப்புவாங்களா?"

அந்த ஊர் வழக்கம் கொஞ்சம் கண்டிப்பானது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பூசாரி முதல் காப்பை அம்மன் கையில் கட்டுவார். மஞ்சள் தோய்த்த கயிறு. அப்புறம் கவுண்டர் கைக்கு, அப்புறம் வீட்டுக்கு ஓர் ஆள் கைக்கு. அம்மன் கையில் கயிறு ஏறின அந்த நிமிஷம் ஊருக்குள் யார் இருக்கிறார்களோ, சொந்தக்காரனோ அசலூர்க்காரனோ, கொடி இறங்குகிற வரை அங்கேதான். முன்னே ஒரு வருஷம் வளையல்காரர் ஒருவர் மாட்டிக்கொண்டாராம். திருவிழா முடிவதற்குள் ஊரில் வளையல் போடாத கை இல்லையாம்.

"அப்ப நாங்க கிளம்பறோங்க," என்று அண்ணன் சட்டென்று எழுந்தான். உச்சி வெயில். நிறைய நேரம் இருந்தது. வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான்.

விர்ர்ர்ர் என்றது. அவ்வளவுதான்.

அறுந்த பட்டை

வழக்கமாக எங்கள் வேன் ஸ்டார்ட் ஆகும்போது கிழவர் இருமுகிற மாதிரி முக்கி முனகித்தான் கிளம்பும். அன்றைக்கு எந்த முக்கலும் இல்லை. ராட்டினம் மாதிரி சும்மா சுற்றியது. எனக்குச் சந்தோஷத்தில் காது சூடானது. சந்தோஷம் என்றா சொன்னேன்? ஆமாம், அதுதான் உண்மை. படித்ததை நேரில் பார்க்கப் போகிறோம் என்ற சந்தோஷம்.

சீட்டைத் தூக்கி, எஞ்சின் தலையில் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். "அண்ணா, திருப்பு." திருப்பினான். கீழே எல்லாம் சுற்றுகிறது, மேலே ஒன்றும் அசையவில்லை.

"டைமிங் பெல்ட் அறுந்துபோச்சு!" என்று கத்தினேன். லாட்டரி விழுந்தவள் மாதிரிக் கத்தினேன் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்கிறான்.

எஞ்சினுக்குள் கீழே பிஸ்டன் ஏறி இறங்கும், மேலே வால்வு திறந்து மூடும். மேளமும் நாயனமும் மாதிரி இரண்டும் ஒரே தாளத்தில் போக வேண்டும். அந்தத் தாளத்தைப் பிடித்து வைத்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. ஓடவேண்டிய அளவு ஓடிவிட்டது, மாற்று மாற்று என்று நான் தொணதொணத்ததில் மெட்ராஸிலிருந்து புதுப் பட்டை வாங்கி வைத்திருந்தான். "கல்யாணம் முடியட்டும்" என்று அது சீட்டுக்கு அடியில் உறையோடு தூங்கிக்கொண்டிருந்தது.

"கைல பெல்ட்டு கீது, டூல் பாக்ஸ் கீது. ரெண்டு மணி நேரம்," என்றேன்.

அண்ணன் என் மருதாணியைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். "பஸ்ஸு?"

"பஸ் காலைலயே போய்டுச்சுங்க," என்றார் கவுண்டர்.

"வண்டியத் தள்ளி எல்லைக்கு அந்தாண்ட வுட்டுட்டு அங்க வேல செஞ்சா?"

"தாராளமாத் தள்ளி வுடறோம். பொழுது போனா எங்காளு யாரும் அந்தாண்ட வரமாட்டோம். அப்புறம் நீங்களும் கரடியுந்தான்."

அண்ணன் சட்டைக் கையை மடித்தான். நான் பாவாடை தாவணியை இழுத்துச் சொருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தேன்.

புதுப் பட்டையை மாட்ட வேண்டுமானால் முன்னால் இருக்கிற மூடியைக் கழற்ற வேண்டும். மூடியைக் கழற்ற, அதை மறித்துக்கொண்டு நிற்கிற கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டும். பித்தளைத் தாம்பாளத்தில் முக்கால் அளவு, நடுவில் ஒரு போல்ட், சுற்றிலும் பெரிய ஓட்டைகள். போல்ட் சுலபமாக வந்துவிட்டது. அண்ணன் வண்டியை டாப் கியரில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொள்ள, நான் ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி மிதித்தேன். 'க்ரீச்' என்று ஒரு சத்தம், வெளியே ஊரே "ஓ" என்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் வந்துவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

புத்தகம் எழுதினவருக்கு எங்கள் அண்ணனைத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மஞ்சள்

வண்டி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அண்ணன் அதற்குப் பூஜை போடுவான். எல்லோரும் ஸ்டீயரிங்குக்குப் பொட்டு வைப்பார்கள். அவன், எஞ்சின்தானே உழைக்கிறது, அதுக்கில்லாத மரியாதையா என்று சீட்டைத் தூக்கி, ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை எஞ்சின் முன்பக்கம் சளக்கென்று ஊற்றி, சந்தனம் அப்பி, எலுமிச்சம்பழம் பிழிவான். இத்தனை வெள்ளிக்கிழமைத் தண்ணீரும் சந்தனமும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்து வழிந்து, புல்லிக்கும் அதைத் தாங்குகிற தண்டுக்கும் நடுவில் இறங்கி, துருவோடு துருவாகக் காய்ந்து, சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்டைச் சுற்றி மங்களகரமாக ஒரு மஞ்சள் வளையம்.

"அண்ணா! புல்லி ஏன் வரலன்னு தெரிஞ்சுபோச்சு!"

"ஏன்?"

"ரொம்ப பக்தியா இருக்குது!"

அதிலிருந்துதான் இந்த டங் டங். மண்ணெண்ணெய் ஊற்றினோம். வெந்நீர் ஊற்றினோம். இரண்டு ஸ்க்ரூ டிரைவரை இரண்டு பக்கமும் கொடுத்து நெம்பியதில் ஒன்று வாழைத்தண்டு மாதிரி வளைந்தது. கவுண்டர் மகள் குப்பம்மா, களியைக் காட்டி அண்ணனைக் குதிக்க வைத்தாளே, அவள்தான், ஒரு சட்டி புளியைக் கரைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் தானும் படுத்துவிட்டாள். என் வயசுதான். முகத்துக்கு முகம் மல்லாந்து கிடந்து, பஞ்சால் தொட்டுத் தொட்டு அந்த மஞ்சள் வளையத்தின் மேல் வைத்தோம்.

"சாமிப் பாத்திரம் இப்படித்தான் வெளக்குவோம்," என்றாள். பிறகு காதோரமாக, "பொண்ணு எப்படி, அழகா?"

"என்னவிட அழகு."

"அது இன்னா பெரிய விசயம்?"

சிரித்த சிரிப்பில் வண்டியின் அடிச்சட்டத்தில் நெற்றி இடித்துக்கொண்டேன். புளி கொஞ்சம் அரித்தது. விளிம்பு பளபளத்தது. ஆனால் அந்த வேகத்துக்குப் புல்லி கழல்வதற்குள் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணமே வந்துவிடும். வெளியே நிழல்கள் நீள ஆரம்பித்தன. புதுச் செருப்பு வேனைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"அமுதா, அவங்கப்பா கோவக்காரரு. நாளைக்கு நான் போய் நிக்கலன்னா நாளைக் கழிச்சு அதே பந்தல்ல வேற மாப்ளைய நிக்க வெச்சிடுவாரு," என்றான். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது புதுச் செருப்பு இரண்டும் அப்படியே நின்றுவிட்டன.

எனக்கும் அப்போதுதான் விளையாட்டு விட்டுப்போனது. மூணு வருஷமாக அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு, வீட்டில் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, கடைசியில் என்னைத் தூது விட்டு நிச்சயம் பண்ணிக்கொண்டவன். பெண் வீட்டுக்குத் தெரிவிக்க அந்த ஊரில் போன் இல்லை, தந்தி இல்லை.

நேராக, சமமாக, விடாமல்

பட்டறையில் இதற்கு ஒரு கருவி உண்டு. மூன்று கொக்கி வைத்து இறுக்கிப் பிடுங்குகிற புல்லர். போளூரில் எந்தப் பட்டறையிலும் ஆணியில் தொங்கும். அது செய்கிற வேலை ஒன்றுதான். நேராக, சமமாக, விடாமல் இழுப்பது.

அப்படி இழுக்க எது இருக்கிறது என்று அடியில் கிடந்தபடியே தலையைத் திருப்பினேன். நூறு கால்களுக்கு நடுவே அம்மன் கோயில் தெரிந்தது. கோயில் வாசலில், மலைப்பாம்பு சுருண்டு படுத்த மாதிரி, புதிதாகத் திரித்த தேர் வடம்.

இந்த இடத்தில் என் சின்ன வயசைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்த் தேருக்கு எல்லோரும் சாமி பார்க்கப் போவார்கள். நான் சக்கரம் பார்க்கப் போவேன். முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்து வாய் பிளந்து நிற்பேன். அத்தனை பெரிய தேரை ஒரு மரக்கட்டை நிறுத்துகிறது, திருப்புகிறது! ஒரு தடவை கிட்டே போய்க் குனிந்ததில் அம்மா என்னைப் பின்னலைப் பிடித்து இழுத்து வந்தாள். வடம் இழுக்கும்போது ஊர் முழுக்க ஒரே மூச்சு விடுவது எனக்கு நினைவில் அப்படியே இருந்தது. ஊர் மொத்தமும் ஒரு புல்லர்!

வெளியே ஊர்ந்து வந்து, தலையில் மண்ணோடு கவுண்டர் முன் நின்றேன். "அந்த வடத்தக் குடுங்க."

கவுண்டர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி ஒல்லி. கண்ணாடி போட்டவர். எதற்கும் அசையாதவர். (ஊர் பேரை நான் எழுதாததற்குக் காரணம் அவர்தான். வார இதழெல்லாம் வாங்கிப் படிப்பார்.)

"வடம் அம்மனத்தான் இழுக்கும். தகர டப்பாவ இழுக்காது," என்றார்.

"அப்ப அம்மனத் தகர டப்பாவுல ஏத்திடுங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். பூசாரி கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பூ கேக்கலாம்," என்றார்.

உற்சவ அம்மன் முழங்கை உயரம்தான், பித்தளை. இரண்டு தோளிலும் ஒவ்வொரு பூ. வலது பூ விழுந்தால் சம்மதம். எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். பூசாரி கிட்டப் போய், குனிந்து, கண்ணை மூடி மந்திரம் சொன்னார். வலது பூ பொத்தென்று விழுந்தது.

"ஓம் சக்தி!" என்று ஊர் கத்தியது.

"மூச்சு கொஞ்சம் பலமாத்தான் வுட்டாரு," என்றாள் குப்பம்மா, என் காதில்.

தேர் கிளம்பியது

முன் சீட்டில் பட்டுத் துணி விரித்து அம்மனை வைத்தார்கள். அம்மன் விழாமல் பிடித்துக்கொள்ள அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். புல்லி ஓட்டைகளில் இரண்டு பக்கமும் மாட்டுச் சங்கிலியைக் கோத்து, வடத்தை அதில் கட்டி, பம்பருக்கு அடியில் நேராக வெளியே விட்டேன். சக்கரத்துக்கு முன்னால் பாறாங்கல். ஒரு முட்டுக்கட்டையும் போட்டு, அதைக் கவுண்டரே பிடித்துக்கொண்டார். தேருக்கு முட்டுக்கட்டை போடுவது அங்கே கவுண்டர் வீட்டு உரிமை.

"எல்லாரும் கேளுங்க!" என்று கத்தினேன். "வண்டி நகரக் கூடாது. புல்லி மட்டுந்தான் வரணும்!"

"ஆவட்டும், ஆவட்டும்."

காப்புக்காக வைக்கோல் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்த மேளத்தை ஒருவர் எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். வடம் விறைத்தது. நூறு கை. ஒரே மூச்சு. அந்த மூச்சைக் கேட்டதும் கவுண்டர், பிறந்ததிலிருந்து பழகின பழக்கத்தில், பாறாங்கல்லைக் காலால் எட்டித் தள்ளி, முட்டுக்கட்டையைச் சரக்கென்று உருவி, "விடு தேரை!" என்று சின்னக் குரலை உலகமே கேட்கிற மாதிரி உயர்த்தினார்.

வேன் கிளம்பிவிட்டது.

ஊர் கத்துகிற கத்தில் நான் கத்தியது யாருக்குக் கேட்கும்? பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ சூடம் ஏற்றிவிட்டார்கள். வேன் ஆடி அசைந்து கோயிலைத் தாண்டிப் போக, உள்ளே அண்ணன் அம்மனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காலால் பிரேக்கைத் தேடிக்கொண்டு, "நிறுத்துங்க! நான் மாப்ளைங்க!" என்று அலறினான். இரண்டு கிழவிகள் அவனையும் சேர்த்துக் கும்பிட்டார்கள்.

புளிய மரம் ஒன்று குறுக்கே வந்ததால் நின்றது. கவுண்டர் கையில் முட்டுக்கட்டையோடு ஓடிவந்து, மூச்சு வாங்க, "கை தானாப் போய்ட்டுதுங்க," என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்து இடுப்பு பிடித்துக்கொண்டது. பூசாரிகூட மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

ஆனால் இப்போது வேனின் மூக்குக்கு நேராகப் புளிய மரம். அதற்கு மேல் நகரவே முடியாது. வடத்தை மரத்தின் இரண்டு பக்கமும் பிரித்து விட்டேன். கவுண்டரின் கையிலிருந்து முட்டுக்கட்டையை வாங்கி, பணிவாக, குப்பம்மாவிடம் கொடுத்தேன்.

"உங்கப்பா கைல குடுக்காத."

"ஐயோ, நான் பாத்துக்கறேன்."

மறுபடி மேளம். மறுபடி அந்த மூச்சு. வடம் விறைத்தது, இன்னும் விறைத்தது. பம்பர் மரத்தில் முட்டிக்கொண்டு முனகியது. சங்கிலி 'கிர்ர்' என்றது. நான் பக்கத்தில் கிடந்து, மரத்துண்டை வைத்து ஒரே ஒரு தட்டுத் தட்டினேன்.

டொப்!

வடம் பிடித்த அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவராக மல்லாந்து விழுந்தார்கள். மலை ஊர் முழுக்க ஒரே குவியல். அந்தக் குவியலின் காலடியில், செம்மண்ணில், உள்ளே மஞ்சளும் வெளியே கரியுமாக எங்கள் கிராங்க் புல்லி. யாரோ எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தபோது அதன் நெற்றியில் குங்குமம் இருந்தது.

முன் சீட்டு

அதற்கப்புறம் எனக்கு யாரும் கண்ணில் படவில்லை. மூடியைக் கழற்றினேன். அறுந்த பட்டை செத்த பாம்பு மாதிரி வந்தது. மேல் பல்சக்கரத்துப் புள்ளியை அதன் கோட்டுக்கு நேராக வைத்து, கீழ்ச் சக்கரத்துப் புள்ளியையும் வைத்து, புதுப் பட்டையை மாட்டி, ஒரு பல்கூடத் தள்ளவில்லை என்று கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். தேங்காய் நாரும் புளியும் போட்டுத் தேய்த்ததில் தண்டு கண்ணாடியாக இருந்தது. போய் உட்கார் என்றதும் புல்லி சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. கடைசி போல்ட்டை மிதித்து முறுக்கிவிட்டு வெளியே வந்தால், சூரியனைக் காணவில்லை.

மேற்கே மலை விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. மேளக்காரர் தோலை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. பூசாரி கையில் மஞ்சள் கயிறு.

"போச்சு," என்றான் அண்ணன். அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டான். "எல்லைக்குப் போறதுக்குள்ள கட்டிடுவாங்க. போச்சு."

அவனைத் தாண்டி வேனுக்குள் பார்த்தேன். முன் சீட்டில், பட்டுத் துணி மேல், அம்மன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

முதல் காப்பு அம்மன் கைக்கு. அம்மன் எங்கள் வண்டியில்!

பூசாரி வந்துவிட்டார். "அம்மன எறக்கணும். நேரமாவுது."

"எறக்கலாங்களா?" என்றேன். என் குரலில் எவ்வளவு பவ்யம் முடியுமோ அவ்வளவு பவ்யம். "தேர்ல ஏறின சாமி, ஊரு சுத்தாம எறங்குமா?"

பூசாரி வாயைத் திறப்பதற்குள் கவுண்டர் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அதானே! ஏத்தினது நாம. வடம் இழுத்தது நாம. சுத்தாம எறக்குனா அம்மன் கேக்கமாட்டாளா?"

"எல்லை வரிக்கும் சுத்தணும்," என்றாள் குப்பம்மா. பூசாரிக்குத் தெரியாமல் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தாள்.

அண்ணன் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தான். சாவியில் கை வைத்தான். திருப்பவில்லை. "அமுதா, நீ திருப்பு." குனிந்து, மருதாணி போய்க் கறுப்பாகிப்போன விரல்களால் நான் திருப்பினேன்.

கிழவர் முக்கினார். முனகினார். இருமினார். பிறகு, என்ன சொல்வேன், அந்தச் சத்தம்! தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக. நான் அழுதேன் என்று அண்ணன் சொல்வான். புளித் தண்ணீர் கண்ணில் பட்டது என்று நான் சொல்வேன்.

அப்புறம் நடந்தது ஊர்வலம். முன்னால் மேளம், பின்னால் ஊர், நடுவில் முதல் கியரில் எங்கள் ரொட்டி டப்பா. வாசலுக்கு வாசல் நிறுத்தினார்கள். அம்மன் பக்கம் ஆரத்தி. எஞ்சினுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற ஒரு பாட்டி சொம்போடு வந்தபோது மட்டும் நான் குறுக்கே பாய்ந்தேன். "பாட்டி, ஸ்டீயரிங்குக்குப் பொட்டு போதும்!"

ஊர் எல்லையில் ஒரு நடுகல். சாமை அறுத்த காட்டு ஓரம், சாய்ந்து நிற்கும். அண்ணன் அளந்து ஓட்டினான். முன் சக்கரம் கல்லைத் தாண்டியதும் நிறுத்தினான். பின் சக்கரம் ஊருக்குள். அம்மனைப் பின்கதவு வழியாக இறக்கினார்கள். பூசாரி வாங்கிக்கொண்டார். ஒரு பலாப்பழத்தை உருட்டி உள்ளே தள்ளிவிட்டு, கூடவே உட்கார்ந்து வந்த குப்பம்மா ஊர்ப் பக்கம் குதித்தாள்.

பூசாரி கண்ணாடி வழியாக எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் எங்க கீறீங்க?"

"முன் சீட்டுலங்க."

முன் சீட்டைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். "அப்ப அந்தாண்ட," என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. அங்கேயே, அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே, அம்மன் கையில் கயிற்றைச் சுற்றினார்.

மேளம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அண்ணன் கிளட்ச்சை விட்டான். பின் சக்கரமும் கல்லைத் தாண்டியது. கண்ணாடியில் பார்த்தேன். கவுண்டர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அடுத்த காப்பு அவருக்கு. இன்னொரு கையில் முட்டுக்கட்டையை ஆட்டி எங்களுக்கு வழியனுப்பினார்.

மூன்றாம் நாள் காலை பந்தலில், தாலிக்கு முன்னால், புரோகிதர் அண்ணன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார். காப்பு. அவன் நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடினான். முகத்தில் முந்தாநாள் பொழுது சாய்ந்த நேரத்துப் பயம் அப்படியே. வண்டி ரெடியா என்று கண்ணாலேயே கேட்டான், திருட்டுப் பயல். நான் கறுப்பு மருதாணிக் கையை ஆட்டினேன். இல்லைண்ணா, இந்தத் தடவை நீ எல்லைக்கு உள்ளே.

பக்கத்தில் அண்ணி குனிந்த தலை நிமிராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் யாரோ மலைக் கதையைச் சொல்லிவிட்டிருக்கிறார்கள்.